டவரின் காது

"வணக்கம்ங்க, பயப்படாதீங்க" என்று ஆரம்பிக்கலாமா என்று மதிவதனி யோசித்தாள். பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் யாருக்குமே பயம் வரும். "உங்க வீட்ல ஏதோ ஒரு மிஷின்" என்று ஆரம்பித்தால் எந்த மிஷின் என்று கேட்பார்கள். தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். தெரியாமலா வீடு தேடி வந்தாய் என்பார்கள். எபினேசர் அண்ணனாக இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா என்று கேட்டபடியே உள்ளே போய், அரை டம்ளர் குடிப்பதற்குள் அந்த வீட்டில் யார் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதுவரை தெரிந்துகொண்டு, அப்புறம்தான் வந்த விஷயத்துக்கே வருவார். "நான் வாய், நீ காது. நம்ம டீமுக்கு இது போதும்" என்பார். அந்த வாய் இப்போது தங்கச்சி கல்யாணத்துக்காக நாசரேத்துக்குப் போயிருக்கிறது. காது மட்டும் கோயம்புத்தூரில், ஒரு புங்க மரத்தடியில், காரின் பின் கதவைத் திறந்து ஆன்டெனாவை எடுத்துக்கொண்டிருந்தது. கைப்பிடி வைத்த பெரிய மீன் முள் போன்ற ஆன்டெனா. அதிலிருந்து ஒரு ஒயர், கழுத்தில் தொங்கும் அளவுகருவிக்கு. கருவியிலிருந்து இன்னொரு ஒயர், காதுக்கு. டிரைவர் சம்சுதீன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டே சொன்னார்: "போம்மா, போய் ஒரு வீட்டுக் கதவத் தட்டிட்டு வா. கடிக்கவா போறாங்க?" கடித்தால்கூடப் பரவாயில்லை. கடிபட்டவள் எதுவும் பேச வேண்டியதில்லை.

பேச வேண்டியது என்னவோ எளிய விஷயம்தான். இந்த நாலைந்து வீதிகளில் ஒரு மாதமாக போனில் கோடுகள் முழுசாகத் தெரிகின்றன, ஆனால் கூப்பிட்டால் போவதில்லை. போனாலும் பாதியில் அறுந்துபோகிறது. ஜனங்கள் கஸ்டமர் கேருக்கு வேறு பேட்டைக்குப் போய் நின்று போன் செய்து திட்டியிருக்கிறார்கள். கோடு நாலும் இருக்குதே, அப்புறம் என்ன கேடு என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அந்தக் கோடுகள் டவர் பேசுவது போனுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று மட்டும்தான் சொல்லும். போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்று சொல்ல எந்த போனிலும் ஒரு கோடும் கிடையாது. இதை முதன்முதலில் தெரிந்துகொண்ட அன்று மதிவதனிக்கு ராத்திரியெல்லாம் அதே நினைப்பாக இருந்தது. டவருக்கு வாய் ஒரு அலைவரிசையில், காது வேறொரு அலைவரிசையில். வாய் இரண்டாயிரத்து நூற்றுப் பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, காது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுக்கு மேலே. வாய் பெரியது, அடித்தொண்டையில் கத்தும். காது பாவம், சட்டைப் பைக்குள்ளிருந்தும் தலையணைக்கு அடியிலிருந்தும் வரும் ஆயிரம் முணுமுணுப்புகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்க வேண்டும். அந்தக் காதுக்குப் பக்கத்தில் யாரோ ஓயாமல் ஒரு பீப்பியை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை கடைசி வீதியில் ஒருவருக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி ஆம்புலன்ஸுக்கு மாற்றி மாற்றி போட்டுப் பார்த்து, மொட்டை மாடிக்கு ஏறி அங்கேயும் போட்டுப் பார்த்து, கடைசியில் வெறுங்காலோடு மெயின் ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். அடுத்தவர் பிழைப்பாரா என்பதற்கு யார் உத்தரவாதம்? இன்றைக்கு அந்தப் பீப்பியைக் கண்டுபிடித்து நிறுத்தாமல் வராதே என்று மேனேஜர் சொன்னபோது மதிவதனி சரி சார் என்றாள். "என்னம்மா, கேக்கல?" என்றார். அவர் மேஜைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது ஒரு நாற்காலிதான்.

வீதிக்குள் நுழைந்ததும் இஸ்திரி வண்டிக்காரர் முதலில் பார்த்தார். அவர் சட்டைப் பையிலிருந்த போனில் எஃப்.எம். பாடிக்கொண்டிருந்தது. காதில் மாட்டாமல் சும்மா தொங்கவிட்ட இயர்போன் ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. ஒயரைப் பிடுங்கினால் பாட்டு நின்றுவிடும் என்பது தெரிந்திருந்தது, ஏன் என்பது பற்றி அவருக்குக் கவலையில்லை. எண்பத்தெட்டிலிருந்து நூற்றெட்டு மெகாஹெர்ட்ஸ் வரை பாட்டு. அதைத் தாண்டிச் சற்று மேலே போனால் விமானமோட்டிகள் பேசிக்கொள்கிறார்கள். இப்போது தலைக்கு மேல் பீளமேட்டுப் பக்கமாகத் தாழ்ந்து போகிற விமானத்திலிருந்து யாரோ யாரிடமோ இறங்கலாமா என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள், பாட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து. அவர்கள் மட்டும் இன்னும் பழைய ஏ.எம். முறையில்தான் பேசுகிறார்கள். எஃப்.எம்.மில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் பலமானவர் குரல் மட்டும் கேட்கும், மற்றவர் பேசினதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் கலந்து அலங்கோலமாகக் கேட்கும், ஆனால் இன்னொருத்தர் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். ஆகாயத்தில் அது தெரிந்தாக வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவில் எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்துப் பேசச் சொன்னார்களே, அது சுத்தமான எஃப்.எம். அவள் இரண்டு முறை வாயைத் திறந்தாள். திறந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "அம்மிணி, மீன் புடிக்கறதுக்கா?" என்றார் இஸ்திரிக்காரர். பக்கத்தில் துணி மூட்டையோடு நின்ற ஆள், "யோவ், அது கேபிளுக்காரங்கய்யா" என்றார். "கேபிளுக்காரங்க எந்தக் காலத்துல பொம்பளப்புள்ளய அனுப்பிச்சாங்க? இது கரெண்டுத் திருட்டுப் புடிக்கறது. உங்கூட்டுக் கொக்கியக் கழட்டி வை, போ." இரண்டு பேரும் சிரித்தார்கள். மதிவதனியும் சிரித்தாள், தரையைப் பார்த்து. மீன் முள்ளை முந்தானையால் மூடிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். சுடிதாருக்கு ஏது முந்தானை, துப்பட்டாவைப் போட்டு மூடினால் இன்னும் கேவலமாக இருக்கும்.

ஆன்டெனாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். உடம்பே ஒரு சுவர், முதுகுப் பக்கமிருந்து வருவதை அது மறைத்துக்கொள்ளும். ரத்தமும் தண்ணீரும் நிரம்பிய ஐம்பது கிலோ சுவர். எந்தப் பக்கம் திரும்பும்போது கருவியின் திரையில் சிக்னலின் மேடு உயர்கிறதோ அந்தப் பக்கம் நடக்க வேண்டும், மறுபடி சுற்ற வேண்டும். நடுத்தெருவில் ஒரு பெண் சுற்றுவதைப் பார்க்க இவ்வளவு ஜன்னல்கள் இருக்கும் என்று யாரும் பாடத்தில் சொல்லித் தரவில்லை. லாரித் தண்ணீர் பிடிக்கக் குடங்களோடு நின்ற பெண்களில் ஒருத்தி, "ஏங்கண்ணு, நீ சுத்தறதப் பாத்து எனக்குத் தல கிர்ருங்குது" என்றாள். மதிவதனி கிறுகிறுக்காமல் கிழக்கே திரும்பியபோது மேடு நன்றாக எழுந்தது. ஒரு மாடி வீட்டுக்கு நேராக. அந்தப் பக்கம் போகப் போக மேடு இறங்கியது. அப்புறம்தான் மொட்டை மாடியில் புத்தம் புது எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டி பளபளப்பதைப் பார்த்தாள். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி அது எங்கிருந்தோ வருவதை வாங்கி இந்தப் பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. எங்க வீட்டுத் தொட்டி மேல என்னம்மா கேஸு என்று கேட்டிருப்பார்கள்.

ஒரு கார் வந்தது. உள்ளேயிருந்தபடியே ஒருவர் பட்டனை அழுத்த, இரும்பு கேட் தானாக நகர்ந்தது. அந்தப் பட்டனின் அலை நானூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ். அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து மைக்ரோவேவ் அடுப்பு மூன்று முறை கூவியது. யாருடைய பழைய இட்லியோ சூடாகிவிட்டது. அடுப்பும் வைஃபையும் புளூடூத்தும் எல்லாம் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சத்தில், ஒரே இடத்தில். அது ஊர்ப் புறம்போக்கு. யார் வேண்டுமானாலும் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து மேய்க்கலாம், யாரும் யாரையும் கேட்க முடியாது, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் மாடுகளே விலகிக்கொள்ள வேண்டியதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது அப்படியில்லை. வேலி போட்ட பட்டா நிலம். அவள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். மழை வந்தால் அம்மாவுக்குச் சந்தோஷத்தோடு ஒரு வருத்தமும் வரும், சீரியல் போய்விடும். டிஷ்ஷில் கட்டம் கட்டமாக முகங்கள் உடைந்து நின்றுவிடும். அதே மழையில் பக்கத்து டீக்கடை ரேடியோ மட்டும் எப்படி ஒன்றுமே நடக்காத மாதிரி உரத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அவள் ஏழாவது படிக்கும்போது கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கேட்டது அவர்களுக்குக் கேட்டதா என்பதும் தெரியவில்லை. டிஷ்ஷுக்கு வரும் அலை இரண்டு விரல்கடை நீளம்கூட இல்லை, மழைத்துளி அதற்கு ஒரு பாறாங்கல். டீக்கடை ரேடியோவின் அலை முந்நூறு நானூறு மீட்டர். அது துளியைக் கவனிக்கவே கவனிக்காது, யானை சாரலில் நடந்துபோகிற மாதிரி போய்க்கொண்டேயிருக்கும். இதைக் காலேஜ் இரண்டாம் வருஷத்தில் படித்தபோது யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில்காரி தலைக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை. இப்போது இந்த வீதியில் எத்தனை அலைகள் அவள் மேல் புகுந்து போகின்றன, யானைகளும் எறும்புகளும், பாட்டும் விமானமும் இரும்பு கேட்டும் இட்லியும். ஒன்றும் உடம்பில் உறைக்கவில்லை. உறைப்பது வெயில்தான். யோசித்தால் வெயிலும் அதே குடும்பம், இன்னும் பொடியான அலை. கண்ணுக்கு அந்த ஒரு கீற்று மட்டும் தெரிகிறது, மற்றதற்கெல்லாம் கண் குருடு. குருடாக இருப்பது எவ்வளவு நல்லது. ஜன்னல்களில் நிற்பவர்களுக்கும் அந்தக் கீற்றுக்குக் கண் குருடாக இருந்திருந்தால் அவள் பாட்டுக்கு நிம்மதியாகச் சுற்றலாம்.

காதில் இப்போது சத்தம் நன்றாகத் தடித்திருந்தது. வண்டு குடைகிற மாதிரி ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். வினாடிக்கு நூறு முறை விட்டு விட்டு அடிப்பதால் வருகிற சுருதி. இதை அவள் எங்கோ படித்திருக்கிறாள். ஒயரில்லாத வீட்டு போன்கள் இப்படித்தான் அடிக்கும். இங்கே விற்பவை அல்ல, அமெரிக்காவில் விற்பவை. அந்த ஊரில் இதே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதைப் புறம்போக்காக விட்டிருக்கிறார்கள். அங்கே மேய்ந்து பழகிய மாட்டை யாரோ சூட்கேஸில் வைத்து இங்கே கொண்டுவந்து பட்டா நிலத்தில் விட்டிருக்கிறார்கள். பாதாம், பிஸ்தா, சாக்லேட்டு, சோப்பு, அதற்கு நடுவில் ஒரு மாடு. கஸ்டம்ஸில் யாருக்குத் தெரியும். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குதிப்பு. விடுகதைக்கு விடை கிடைத்தது மாதிரி. அடுத்த நிமிஷமே குதிப்பு அடங்கிவிட்டது, விடை ஒரு வீட்டுக்குள் இருந்தது. பச்சை கேட், கேட்டுக்கு மேல் சாய்ந்த முல்லைக்கொடி, ஓரமாக ஒரு சந்து. சந்துப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினால் மேடு திரையின் உச்சியைத் தொட்டு வெட்டுப்பட்டது. வணக்கம்ங்க, நான் போன் கம்பெனியிலிருந்து. இல்லை. போன் கம்பெனி என்றால் பில் பாக்கி என்று நினைப்பார்கள். வணக்கம்ங்க, உங்க வீட்ல அமெரிக்காவிலிருந்து. இல்லை, இன்கம்டாக்ஸ் என்று நினைப்பார்கள். காலேஜ் வைவாவில் கேள்வி கேட்க வந்த வெளிக் கல்லூரி ஆள் கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு, "சத்தமா சொல்லும்மா, விடை சரியா தப்பான்னே தெரியலையே" என்றபோது வகுப்பே சிரித்தது. விடை சரியாகத்தான் இருந்தது. திரும்பிப் போய், சந்துக்குள் சரியாகப் பிடிபடவில்லை, எபினேசர் அண்ணன் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடலாமா? அவர் வர இன்னும் ஒரு வாரமாகும். அந்த வாரத்தில் மொட்டை மாடியில் யார் ஏறி நிற்பார்கள்? வணக்கம்ங்க. வணக்கம்ங்க என்பது வரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

"ஏங்கண்ணு, அப்போ புடிச்சு பாத்துட்டிருக்கறேன், எங்கூட்டையே பாத்துட்டு நிக்கற. யாரு நீ?"

கேட்டுக்கு உள்ளே ஒரு அம்மாள். அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் கரண்டி, நெற்றியில் வியர்வையில் கலைந்த குங்குமம். மதிவதனி வாயைத் திறந்தாள். "டவருங்கம்மா" என்று வந்தது.

"டவரா? மொட்ட மாடிய நாங்க டவருக்கெல்லாம் குடுக்கறதில்ல. போன வருஷமே ரெண்டு பேரு வந்தாங்க, இந்தச் சாந்தாமணி வந்த வழியே தொரத்தி உட்டுட்டா. வேற வீடு பாரு."

"வைக்கறதுக்கு இல்லைங்கம்மா. டவருக்குக் காது கேக்கல."

சொன்ன பிறகு இதை வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. சாந்தாமணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "டவருக்குக் காது கேக்கலியா? என்ற ஊட்டுக்காரருக்கு வாய் வர்ல. ரெண்டு பேத்தையும் ஒரே டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போலாமா?" என்று சிரித்தவர் கேட்டைத் திறந்துவிட்டார். அப்போதுதான் மதிவதனி அதைக் கேட்டாள். இயர்போன் இல்லாத காதில். அந்த அம்மாளின் இடுப்பிலிருந்து ஒரு மூச்சு வந்தது. ஈரமான, கரகரப்பான, பெரிய ஆண் மூச்சு. புடவைக் கொசுவத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி செருகியிருந்தது, சோப்புப் பெட்டி அளவு, ஓரத்தில் பச்சை விளக்கு. மூச்சு உள்ளே போனது, நின்றது, வெளியே வந்தது. நிற்கும்போதெல்லாம் அந்த அம்மாளும் அறியாமல் ஒரு கணம் நிற்பது போலிருந்தது.

"அது என்னங்கம்மா?"

"இதுவா? இதுதா எங்கூட்டுக்காரரு."

நின்ற இடத்திலேயே சொன்னார். நாச்சிமுத்து என்று பெயர். வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுகிற ஆள். ஒரு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் போனது, குரலும் போனது. ஹாலில் கட்டில் போட்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாராம். அதனால் பின்னறை. பின்னறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு முற்றம். ஒருநாள் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது சளி அடைத்துக்கொண்டது. அவர் கையால் கட்டிலைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். சாந்தாமணிக்குக் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது நகக்கண்ணெல்லாம் நீலம். "அதுக்கப்புறம் எம்பொண்ணு லீவுக்கு வந்தா. நியூஜெர்சில இருக்கறா. பேரனுக்கு வாங்குன மிஷினாமா, தொட்டில்ல கொழந்த அழுதா தாய்க்குக் கேக்கறதுக்கு. அவன் பள்ளிக்கொடம் போறான்ல, இனி எதுக்குன்னு கொண்டாந்து குடுத்துட்டா. ஒண்ணு அவர் தலமாட்டுல. ஒண்ணு எங்கிட்ட. எத்தன நாளாச்சு தெரியுமா, நா இத ஒரு நிமிசம்கூட அணைச்சதில்ல."

ஒரு மாதமாகிறது என்று மதிவதனி நினைத்துக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய கருவியின் திரையில் அந்த மூச்சு, மூச்சாகத் தெரியவில்லை, வெறும் மேடாகத் தெரிந்தது. ஒரு குழந்தையின் அழுகைக்காகச் செய்த அலை. கீழே இறங்கிய மூச்சும் மேலே ஏறிய மூச்சும் வினாடிக்கு நூறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, முற்றத்தைத் தாண்டி, இவர் இடுப்புக்கு வந்து, போதாததற்குச் சுவர்களைத் தாண்டி, எவர்சில்வர் தொட்டியில் பட்டு, டவரின் காதுக்குள் போய்க் குடைகிறது. இந்த ஊருக்கு அது இரைச்சல். இந்த அம்மாளுக்கு அது ஒன்றுதான் சத்தம். இதை அணைக்கச் சொல்ல வேண்டும். எபினேசர் அண்ணன்கூட இதற்கு என்ன சொல்வார்? அவரும் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார். இருந்ததை இருந்தபடியே சொன்னாள். அந்தப் பெட்டி பேசுவது, மற்றவர்கள் போன் டவருக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கிறது என்று. நெஞ்சுவலிக்காரரைப் பற்றி. மொட்டை மாடியைப் பற்றி. சாந்தாமணியின் கரண்டி தாழ்ந்தது.

"கடைசி வீதி லோகநாயகி ஊட்டுக்காரரா? அவ போனக் காதுல வெச்சுட்டு மாடி மேல அலோ அலோன்னு அழுதத இங்கிருந்து நாந்தான பாத்தேன். நெட்டொர்க்கு நாசமாப் போகன்னு நாந்தான சாபம் உட்டேன்." இடுப்புப் பெட்டி மூச்சு விட்டது. "அது எங்களாலயா கண்ணு?"

மதிவதனி திரையைத் திருப்பிக் காட்டினாள். சாந்தாமணிக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து பெட்டியை எடுத்து, எங்கே அழுத்துவது என்று தேடி, அணைத்தார். மேடு பாதி சரிந்தது. மூச்சு சட்டென்று அறுந்தது. அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு மதிவதனி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "இன்னொண்ணையும் அணைக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருந்தார், அணைக்க ஓடுகிறாரா, மூச்சைப் பார்க்க ஓடுகிறாரா என்று தெரியாமல். முற்றத்தைத் தாண்டி, பின்னறைக்குள். மேடு முழுசாகப் படுத்தது. திரையில் வெறும் தரை, புல் பூண்டு மாதிரி சின்னச் சின்ன முளைகள். அத்தனையும் போன்கள். அந்த வீதியின் முணுமுணுப்புகள். இவ்வளவு பேர் இருந்தார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

"சாயந்தரமே வேற ஒண்ணு கொண்டு வந்து தர்றேம்மா. இதே மாதிரிதான், இங்க விக்கறது. அது வேற அலைவரிசை, யாருக்கும் தொந்தரவில்ல."

"சாயந்தரம் சரி. இப்ப அடுப்புல கொழம்பு கொதிக்குதே, அதுக்கு என்ன சொல்ற?" சாந்தாமணி பின்னறை வாசலில் நின்று யோசித்தார். "அவரு யாரையும் உள்ள உட மாட்டாரு. நீ சத்தமில்லாத புள்ளயா இருக்கற. சித்த நேரம் உக்காரு. மூச்சு ஒரு மாதிரி ஆச்சுன்னா கூப்புடு."

கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெரிய உடம்பு, வற்றியது. மதிவதனி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். பார்க்கப்படப் பிடிக்காதவர்கள் இரண்டு பேர் ஓர் அறையில் இருந்தால் அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இப்போது அவளே பெட்டி. காதைத் தீட்டிக்கொண்டாள். மூச்சில் இத்தனை இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. உள்ளே போகும்போது மெல்லிய விசில், நிற்கும் இடத்தில் ஒரு சின்னக் குமிழ் உடைகிற சத்தம், வெளியே வரும்போது அடியில் ஓர் உறுமல். ஆயிரம் பேருக்கு நடுவில் விலை கூவிய நெஞ்சு. அந்த நெஞ்சு எவ்வளவு தூரம் எட்டியிருக்கும்? இப்போது ஒரு முற்றத்தைத் தாண்ட அதற்கு அமெரிக்கப் பெட்டி வேண்டியிருக்கிறது. விசில், குமிழ், உறுமல். குமிழ் கொஞ்சம் தாமதித்தால் அவள் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். வந்துவிட்டது. கூப்பிட வேண்டி வந்தால்? கூப்பிட வேண்டி வராது. குழம்பு கொதிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும். நிமிர்ந்தபோது அவர் தலையைத் திருப்பியிருந்தார். பார்த்தது அவளை அல்ல, மடியில் கிடந்த மீன் முள்ளை. இடது கை விரல் ஒன்று மெதுவாக எழுந்து அதைச் சுட்டி, மல்லாந்தது. இது என்ன?

சொன்னாள். ஒத்திகை ஏதும் பார்க்காமல், நாற்காலியைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். டவரின் வாய், டவரின் காது. மழையையும் டிஷ்ஷையும்கூடச் சொன்னாள், அது இங்கே தேவையே இல்லாத விஷயம். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. "இப்ப பாருங்க" என்று தன் போனை எடுத்து சம்சுதீனைக் கூப்பிட்டாள். தரையிலிருந்து பளிச்சென்று ஒரு மேடு முளைத்தது. "என்னம்மா, கடிச்சிட்டாங்களா?" என்றது போன். "இல்லண்ணே. நான் பேசறது கேக்குதா?" "நல்லா கேக்குதே, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி. ஏன், வேல முடிஞ்சிருச்சா?" துண்டித்ததும் மேடு மறைந்தது. அவர் விரல் மறுபடி எழுந்தது. இன்னொரு தடவை என்று கேட்கிறார். அவள் மறுபடி போனைத் தொடுவதற்குள் விசில் நின்றது.

குமிழ் உடையவில்லை. உறுமலும் வரவில்லை. அவர் கண்கள் பெரிதாயின, இடது கை கட்டில் சட்டத்தைத் தட்டியது, ஒருமுறை, இன்னொரு முறை. மதிவதனி எழுந்தாள். அம்மா என்று கூப்பிட்டாள். உதடு கூப்பிட்டது, சத்தம் பல்லுக்கு உள்ளேயே இருந்துவிட்டது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் குக்கர் இரைந்துகொண்டிருந்தது. அவர் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினாள், பாறை மாதிரி கனம், நகக்கண்ணைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். "அம்மா! சாந்தாமணியம்மா!" அது யாருடைய குரல் என்று அவளுக்கே திடுக்கென்றது. உத்தரத்திலிருந்த பல்லி ஓடியது. முற்றத்தில் பாத்திரம் உருண்டது, சாந்தாமணி உள்ளே வந்துவிட்டார், வந்த வேகத்திலேயே அவரைப் புரட்டி, முதுகில் உள்ளங்கையைக் குழித்து அடி அடி என்று அடித்து, வாயில் துணியைச் சுற்றிய விரலை விட்டு இழுத்தார். விசில் வந்தது. குமிழ், உறுமல். இன்னொரு விசில்.

சாந்தாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் அவர் முகத்தையும் பிறகு அதே தலைப்பால் தன் முகத்தையும் துடைத்தார். மதிவதனி ஏதோ தப்பு செய்துவிட்டது போல நின்றாள். வேறொருவர் வீட்டுக்குள் இப்படியா கத்துவது. அப்போது நாச்சிமுத்துவின் இடது கை போர்வைக்கு மேலே வந்தது. உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, விரல்களை இரண்டு முறை மேல்நோக்கி உதறியது. அவளைப் பார்த்துத்தான். வாயின் நல்ல பாதி சிரிக்கப் பார்ப்பது போல ஓரத்தில் ஒதுங்கியிருந்தது.

"என்னங்கம்மா சொல்றாரு?"

சாந்தாமணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துப் பல நாளான ஒன்றைப் பார்க்கிற மாதிரி. "மண்டில ஏலத்துக்கு நிக்கும்போது இப்பிடித்தான் காட்டுவாரு. ஏத்து, இன்னும் ஏத்துன்னு." சிரிப்பு வந்து பாதியில் வேறு என்னவோ ஆகி, மறுபடி சிரிப்பாக வந்தது. "நீ போட்ட சத்தம் பத்தலியாமா. கடைசி வரிசைக்குக் கேக்காதாமா."

கை காத்துக்கொண்டிருந்தது. விரல்கள் இன்னொரு முறை உதறின. விளையாட்டில்லை, அவர் கண்ணில் ஒரு தொழில்காரரின் கண்டிப்பு இருந்தது. மதிவதனி வாசலைப் பார்த்தாள், முற்றத்தைப் பார்த்தாள். அவசியமே இல்லாமல், யாருக்கும் ஒன்றும் ஆகாத நேரத்தில், பட்டப்பகலில், காலைச் சற்று அகட்டி வைத்து, அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கூப்பிட்டாள்.

"அம்மா!"

சுவருக்கு அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதையும் தாண்டி, மூன்றாவது வீடாக இருக்க வேண்டும், ஒரு பெண் குரல் கேட்டது: "சாந்தாக்கா, யாருக்கா அது? என்னாச்சு?"

மதிவதனி கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விலை படிந்ததும் இறக்குகிற மாதிரி அவர் கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது.